மறுப்பின் விலை

1933 மார்ச் 23 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் பெர்லினின் க்ரோல் இசைநாடக அரங்கில் கூடியது. அதன் சொந்தக் கட்டடம் மூன்றரை வாரங்களுக்கு முன் எரிந்துபோயிருந்தது. அரங்கைச் சுற்றிலும் உள்ளேயும் நாஜிக் கட்சியின் சீருடைப் படையினர் நின்றார்கள். கம்யூனிஸ்ட் கட்சி வென்றிருந்த 81 இடங்களும் காலியாகக் கிடந்தன. அந்த உறுப்பினர்களில் சிலர் சிறையிலும் சிலர் தலைமறைவிலும் இருந்தார்கள், சிலர் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். அரசமைப்புக்கு முரணான சட்டங்களைக்கூட நாடாளுமன்றத்தைக் கேட்காமலேயே இயற்றும் அதிகாரத்தை நான்கு ஆண்டுகளுக்கு அமைச்சரவையிடம் ஒப்படைக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 444, எதிராக 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். அவையில் இருந்த மற்ற எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன. போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரான தியோடர் ஹாய்ஸ், தாராளவாதி என்று பெயரெடுத்தவர். அவரும் அன்று ஆதரித்தே வாக்களித்தார்.

ஜனநாயகம் முற்றதிகாரத்திலிருந்து நம்மைக் காக்குமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியின் வைமர் குடியரசை இழுப்பது வழக்கம். ஹிட்லரே தேர்தல் வழியாகத்தானே வந்தார், வாக்குச்சீட்டு என்ன தடுத்துவிட்டது என்று ஒரு தரப்பு கேட்கும். அவர் ஒருபோதும் பெரும்பான்மை பெறவில்லை, வன்முறையால்தான் பிடித்தார் என்று மறு தரப்பு சொல்லும். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே நடந்ததன் மையத்தைத் தவறவிடுகின்றன.

முற்றதிகாரம் என்று இங்கே நான் குறிப்பது வெறும் சர்வாதிகாரத்தை அல்ல. சர்வாதிகாரி ஆட்சியைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பவரை ஒடுக்குவார். அரசியலில் தலையிடாதவரைப் பெரும்பாலும் அவர் பாட்டுக்கு விட்டுவிடுவார். முற்றதிகாரம் தொழிற்சங்கம், பள்ளி, தேவாலயம், செஸ் கழகம் வரை ஒவ்வொன்றையும் கட்சிக்குள் இழுத்துக்கொள்ளும். சும்மா இருப்பதையே குற்றமாக்கும். 1933இல் ஜெர்மனி சில மாதங்களிலேயே இந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 7இல் அரசுப் பணியிலிருந்து யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அகற்றும் சட்டம், மே மாதத் தொடக்கத்தில் தொழிற்சங்கங்களின் கலைப்பு, ஜூன் 22இல் சமூக ஜனநாயகக் கட்சிக்குத் தடை, ஜூலை 14இல் நாஜிக் கட்சியைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது என்ற சட்டம். இதில் வியப்புக்குரியது வேகம்தான். இவ்வளவு வேகமாக இடிந்த ஒரு கட்டடம் அதற்கு முன்பே உள்ளே அரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அரிப்பு தொடங்கிய இடம் வைமர் அரசமைப்பின் 48ஆம் பிரிவு. பொது ஒழுங்குக்கு ஆபத்து என்றால் குடியரசுத் தலைவர் அவசர ஆணை பிறப்பிக்கலாம். வீட்டின் புனிதம், கடிதத்தின் ரகசியம், பேச்சு, கூட்டம், சங்கம், சொத்து உள்ளிட்ட ஏழு அடிப்படை உரிமைகளை நிறுத்திவைக்கலாம். நாடாளுமன்றம் கேட்டால் ஆணையை விலக்கிக்கொள்ள வேண்டும் என்ற கடிவாளமும் அதில் இருந்தது. 1919இல் இதை எழுதியவர்கள் கொடியவர்கள் அல்ல. தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. முதல் குடியரசுத் தலைவர் எபர்ட், சமூக ஜனநாயகவாதி, இந்தப் பிரிவை 130 முறைக்கும் மேல் பயன்படுத்தினார். குடியரசைக் காக்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார். ஆனால் அவசர ஆணை என்பது ஆட்சியின் அன்றாடக் கருவி என்ற பழக்கத்தை ஏற்படுத்தியதும் அந்த நல்ல மனிதர்தான்.

திருப்பம் 1930இல் வந்தது. அப்போது ஹிட்லர் யாருக்கும் பெரிய பொருட்டல்ல. 1928 தேர்தலில் அவர் கட்சி பெற்றது 2.6 சதவீத வாக்கு, 12 இடங்கள். மார்ச் மாதம் ஹெர்மன் ம்யூலரின் கூட்டணி அரசு கவிழ்ந்தது. காரணம், வேலையில்லாதோர் காப்பீட்டுக்கான சந்தாவை எவ்வளவு உயர்த்துவது என்ற தகராறு. கட்சிகளுக்கிடையே இருந்த வேறுபாடு ஒரு சதவீதத்தில் ஒரு பின்னம். நாடாளுமன்றப் பெரும்பான்மையைக் கொண்டு ஆண்ட கடைசி வைமர் அரசு அதுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அடுத்து வந்த ப்ரூனிங், தன் வரவுசெலவுத் திட்டத்தை அவை நிராகரித்ததும் அதையே 48ஆம் பிரிவின் கீழ் ஆணையாகக் கொண்டுவந்தார். அரசமைப்பு தந்த உரிமைப்படி ஜூலை 18 அன்று சிறிய பெரும்பான்மையில் அந்த ஆணையை அவை ரத்து செய்தது. அதே நாளில் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவையைக் கலைத்தார். ஆணை சற்றே மாறிய வடிவில் மீண்டும் வந்தது. கடிவாளம் அறுந்தது அன்றுதான். செப்டம்பரில் நடந்த தேர்தலில் நாஜிகள் 107 இடங்களோடு உள்ளே வந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை எண்களே சொல்லும். 1930இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 98, அடுத்த ஆண்டு 34, அதற்கடுத்த ஆண்டு 5. இதே மூன்று ஆண்டுகளில் அவசர ஆணைகள் 5, 44, 60க்கும் மேல் என ஏறின. 1932இல் அவை கூடியது மொத்தம் 13 நாள்கள். நாஜிகளைவிட இவர் மேல் என்ற கணக்கில் சமூக ஜனநாயகவாதிகளும் ப்ரூனிங்கைச் சகித்துக்கொண்டார்கள். 1932 ஜூலை 20 அன்று அப்போதைய பிரதமர் பாப்பன் அதே 48ஆம் பிரிவைக் காட்டி, ஜெர்மானியரில் ஐந்தில் மூன்று பங்கினர் வாழ்ந்த பிரஷ்ய மாநிலத்தின் அரசையே நீக்கினார். அது சமூக ஜனநாயகவாதிகளின் கோட்டை, காவல்துறை அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் தெருவில் இறங்கவில்லை, வழக்குப் போட்டார்கள். அக்டோபரில் வந்த தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதிப் பாதி கொடுத்தது. நடைமுறையில் காவல்துறை போனது போனதுதான்.

ஹிட்லர் அலையாக வந்தார் என்பவர்கள் 1932 நவம்பர் 6 தேர்தலைப் பார்க்க வேண்டும். ஜூலையில் 37.3 சதவீதமும் 230 இடங்களும் பெற்றிருந்த கட்சி 33.1 சதவீதத்துக்கும் 196 இடங்களுக்கும் இறங்கியது. ஏறத்தாழ 20 லட்சம் வாக்குகளை இழந்தது. கட்சிக் கருவூலம் காலி. அந்த நேரத்தில்தான் பாப்பனும் ஹிண்டன்பர்கைச் சூழ்ந்திருந்த பழமைவாதிகளும் ஹிட்லரை உள்ளே அழைத்தார்கள். 1933 ஜனவரி 30இல் அமைந்த அமைச்சரவையில் ஹிட்லரைத் தவிர இரண்டே நாஜிகள். சுற்றிலும் நம் ஆட்கள், இரண்டு மாதத்தில் இவரை மூலையில் ஒடுக்கிவிடலாம் என்று பாப்பன் கணக்குப் போட்டார். பிப்ரவரி 27இல் நாடாளுமன்றம் எரிந்தது. மறுநாள் வந்த ஆணை நிறுத்திவைத்தது 48ஆம் பிரிவு பட்டியலிட்ட அதே ஏழு உரிமைகளை. இந்த ஆணைக்காக ஹிட்லர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த மூன்று ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 'மாட்டேன்' என்று சொல்லும் அதிகாரம் யாரோ ஒருவர் கையில் இருந்தது. அப்படிச் சொல்வதற்கு ஒரு விலையும் இருந்தது. 1930 மார்ச்சில் அந்த விலை ஒரு சந்தா விகிதத்தில் விட்டுக்கொடுப்பது. அதே ஆண்டு ஜூலையில் ஹிண்டன்பர்க் மறுத்திருந்தால் போயிருப்பது ஒரு பிரதமரின் பதவி. 1933 ஜனவரியில் பாப்பனுக்குப் போயிருப்பது அவருடைய பேராசை மட்டுமே. மார்ச் 23 அன்று க்ரோல் அரங்கில் 'இல்லை' என்றவர்களுக்கு விலை உயிராக இருக்கலாம். அன்று எதிர்த்துப் பேச எழுந்த ஒரே கட்சித் தலைவர் சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ். கத்தோலிக்க மையக் கட்சியின் லுட்விக் காஸ், வாக்குறுதிகள் அடங்கிய கடிதம் ஒன்று ஹிட்லரிடமிருந்து வரும் என்று காத்திருந்தார். கடிதம் வராமலேயே அவர் கட்சி ஆதரித்து வாக்களித்தது. காஸைத் திட்டுவது எளிது. ஆனால் மறுப்பு மலிவாக இருந்த நாள்களில் மறுக்காமல் விட்டவர்களைப் பற்றி நாம் அவ்வளவு பேசுவதில்லை.

அதே பத்தாண்டில் வேறு முடிவுக்கு வந்த நாடுகளும் உண்டு. பின்லாந்தில் 1929இல் தோன்றிய லாபுவா இயக்கம் கம்யூனிஸ்ட் எதிர்ப்பில் தொடங்கி ஆள்கடத்தலில் இறங்கியது. 1930 அக்டோபரில் முன்னாள் குடியரசுத் தலைவர் ஸ்டால்பெர்கையும் அவர் மனைவியையும் கடத்திக்கொண்டு போனார்கள். 1932 பிப்ரவரி இறுதியில் மான்ட்சாலா என்ற ஊரில் ஆயுதங்களோடு திரண்டு அரசைப் பதவி விலகக் கோரினார்கள். அப்போதைய குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹூவுட் அழுத்தமான வலதுசாரி. அவர் பதவிக்கு வரவே லாபுவாக்காரர்களின் ஆதரவு உதவியிருந்தது. ஹிண்டன்பர்கின் இடத்தில் இருந்த அவர் ஹிண்டன்பர்க் செய்யாததைச் செய்தார். மார்ச் 2 அன்று வானொலியில் பேசி, கலைந்து வீட்டுக்குப் போங்கள், தலைவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தண்டனை இராது என்றார். கலகம் சில நாள்களில் அடங்கியது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க லாபுவாக்காரர்களே கேட்டு வாங்கிய குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டே லாபுவா இயக்கமும் தடை செய்யப்பட்டது. இதில் கறையில்லாமல் இல்லை: ஒரு தரப்பின் உரிமைகளை ஏற்கெனவே பலிகொடுத்த பிறகே பின்லாந்து ஜனநாயகம் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

பெல்ஜியத்தில் 1936 தேர்தலில் லெயோன் டெக்ரெலின் ரெக்ஸ் கட்சி 202இல் 21 இடங்களைப் பிடித்தது. தன் பலத்தைக் காட்ட டெக்ரெல் பிரசல்ஸில் ஒரு இடைத்தேர்தலை வலிந்து வரவழைத்தார். அவரை எதிர்த்துப் பிரதமர் வான் ஸீலாண்டே நின்றார். கத்தோலிக்கர், சோசலிஸ்டுகள், தாராளவாதிகள், கம்யூனிஸ்டுகள் எல்லோரும் அவர் பின்னால் நின்றார்கள். வாக்கெடுப்புக்குச் சற்று முன் கர்தினால் வான் ரோய் ரெக்ஸைக் கண்டித்து அறிக்கை விட்டார். 1937 ஏப்ரல் 11இல் டெக்ரெலுக்குக் கிடைத்தது சுமார் 19 சதவீதம். கவனிக்க வேண்டியது கத்தோலிக்கக் கட்சியை. டெக்ரெல் அந்த வட்டாரத்திலிருந்து முளைத்தவர். அவரோடு சேர்ந்திருந்தால் அவர்களுக்கு லாபம் இருந்திருக்கும்.

எதிரிகள் எதிர்ப்பது இயல்பு. ஆபத்தானவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன், அவனால் ஆதாயம் அடையக்கூடியவன் என்ன செய்கிறான் என்பதில்தான் விஷயம் முடிவாகிறது என்று நினைக்கிறேன். ஜெர்மனிக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே வறுமை, போர்த்தோல்வி, வேலையின்மை என ஆயிரம் வேறுபாடுகள் உண்டு, மறுக்கவில்லை. அவை நாஜிகளுக்கு ஏன் மூன்றில் ஒரு பங்கு வாக்கு விழுந்தது என்பதை விளக்கும். மூன்றில் ஒரு பங்கு எப்படி முழுவதுமானது என்பதை விளக்கா.

48ஆம் பிரிவு இந்தியாவுக்கு அந்நியமானதல்ல. 1949 ஆகஸ்டில் நம் அரசமைப்பு அவை நெருக்கடிநிலைப் பிரிவுகளை விவாதித்தபோது எச்.வி. காமத் எழுந்து, உலக ஜனநாயகங்களின் அரசமைப்புகளில் இதற்கு ஈடு காணவில்லை, நெருங்கி வருவது ஹிட்லர் பயன்படுத்தி அழித்த வைமர் அரசமைப்பு ஒன்றுதான் என்றார். இந்த ஒரே அத்தியாயத்தால் முற்றதிகார அரசுக்கு அடித்தளம் போடுகிறோம் என்று அஞ்சினார். அவை கேட்டது, பிரிவை நிறைவேற்றியது. பிரிவினைக் கலவரங்களும் காஷ்மீர்ப் போரும் கண்முன் நின்ற ஆண்டுகள் அவை. வைமரில் 1919 எப்படியோ அப்படி.

வைமரிலிருந்து நமக்கு வந்த இன்னொன்று அதிகம் பேசப்படாதது. 1965 பிப்ரவரியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்ரிஷ் கொன்ராட் காசி இந்துப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் ஓர் உரை நிகழ்த்தினார். அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எழுதப்படாத எல்லைகள் உண்டா என்பது பொருள். வைமரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் எதையும் செய்யலாம் என்று சட்ட அறிஞர்கள் நம்பியதன் விளைவைப் பார்த்த நாட்டிலிருந்து வந்தவர் அவர். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவை நீக்கிவிட முடியுமா, மொகலாயப் பேரரசரின் ஆட்சியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்றெல்லாம் கேட்டார். முதல் பிரிவைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு, இந்துஸ்தான் என இரண்டாகப் பிரிக்க முடியுமா என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று. அந்தப் பிப்ரவரியில் தமிழ்நாடு இந்தி எதிர்ப்பில் எரிந்துகொண்டிருந்தது. உரையின் கருத்து வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் வழியாக, அரசமைப்புத் திருத்தம் பற்றிய கோலக்நாத் வழக்குக்குள் வந்தது. 1973 ஏப்ரல் 24இல் கேசவானந்த பாரதி வழக்கில் 7க்கு 6 என்ற பெரும்பான்மையில், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் அழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்த ஏழில் தீர்மானகரமாக இருந்த எச்.ஆர். கன்னா தன் தீர்ப்பில் கொன்ராடைப் பெயர் சொல்லியே மேற்கோள் காட்டினார்.

இரண்டே ஆண்டில் சோதனை வந்தது. 1975 ஜூன் 25 இரவு, 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தில் நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரியவந்தது. அமைச்சர்களில் ஒருவரும் பதவியைத் துறக்கவில்லை. ஜகஜீவன் ராம் வெளியேறியது 1977 பிப்ரவரியில், தேர்தல் அறிவித்த பிறகு. நெருக்கடிநிலையைப் பின்னர் விசாரித்த ஷா கமிஷன் கணக்கில் விசாரணையின்றியும் பாதுகாப்பு விதிகளின் கீழும் சிறை சென்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சட்டத்துக்குப் புறம்பாகச் சிறை வைத்தாலும் நீதிமன்றத்தை அணுக முடியாதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அணுகலாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என முடியாது என்றது. அந்த ஒருவர் கன்னா. தலைமை நீதிபதி பதவி அவருக்கு வரவேண்டிய முறையில் 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி எம்.எச். பெக் நியமிக்கப்பட, கன்னா விலகினார். மறுப்பின் விலை அவருக்குத் தெரிந்தே இருந்தது. நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் தீர்ப்பை 2017இல் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட் தவறு என்று எழுதி ரத்து செய்தது பின்கதை.

நெருக்கடிநிலையை முற்றதிகாரம் என்று சொல்லமாட்டேன். தனிக் கட்சிப் படையோ, எல்லோரையும் உள்ளிழுக்கும் கொள்கையோ அதற்கு இல்லை. மாநிலங்கள் இருந்ததால் ஓட்டைகளும் இருந்தன. 1975 ஜூன் 27 அன்றே தி.மு.க. செயற்குழு எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆட்சி அவர்கள் கையில் இருந்தவரை தமிழ்நாட்டில் ஓரளவு மூச்சுவிட முடிந்தது. 1976 ஜனவரி 31இல் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டதும் அந்த ஓட்டையும் அடைபட்டது. கைதானவர்களின் பட்டியலைத் தணிக்கை அனுமதிக்காது என்பதால், பிப்ரவரி 3 அண்ணா நினைவுநாளில் அவர் நினைவிடத்துக்கு வர இயலாதவர்கள் என்ற பெயரில் தி.மு.க. நாளேடு முரசொலி அந்தப் பட்டியலை வெளியிட்டது. சென்னை மத்திய சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். சிறைக் கொடுமைகளை விசாரித்தவர், கம்பன் ஆய்வுகளால் தமிழ் வாசகர் நன்கறிந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில்.

1977 தேர்தல் ஜனநாயகத்தின் வெற்றி என்று எழுதுவது வழக்கம். வட இந்தியாவுக்கு அது பொருந்தும். தெற்கில் ஆந்திராவின் 42 இடங்களில் 41 காங்கிரசுக்கு, கேரளத்தின் 20ம் காங்கிரஸ் கூட்டணிக்கு. தமிழ்நாட்டின் 39இல் முப்பதுக்கும் மேற்பட்டவை அ.தி.மு.க.–காங்கிரஸ் அணிக்குப் போயின. கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டின் கொடுமை வடக்கில் கடுமையாக இருந்ததும், தெற்கில் உள்ளூர் அரசியல் கணக்கு வேறாக இருந்ததும் காரணங்கள். தன் உடலில் படாத சர்வாதிகாரத்தை வாக்காளர் தண்டிப்பார் என்று நம்புவதற்கில்லை. அதோடு, அந்தத் தேர்தல் நடந்ததே இந்திரா காந்தி நடத்தத் தீர்மானித்ததால். 1976 மார்ச்சில் முடியவேண்டிய மக்களவையின் ஆயுள் அதற்குள் நீட்டிக்கப்பட்டிருந்தது. இன்னொரு முறை நீட்டிக்க அவையில் பலமும் இருந்தது.

எனவே வாக்குச்சீட்டைவிட, 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட முடியாது. ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் ஏற்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உயிருக்கும் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவை நெருக்கடியிலும் நிறுத்திவைக்க முடியாது. இவை யாரையும் வீரராக்கும் விதிகள் அல்ல. ஒரு சாதாரண அமைச்சர், ஒரு சாதாரண நீதிபதி மறுக்க நினைத்தால் அவர் காலுக்கடியில் கொஞ்சம் நிலத்தைக் கொடுக்கும் விதிகள். 1949இல் மேற்கு ஜெர்மானியரும் இதையேதான் செய்தார்கள்: மாற்றுப் பிரதமரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பவரைக் கவிழ்க்க முடியாது, மனித மாண்பை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்று அடிப்படைச் சட்டத்தில் எழுதினார்கள்.

ஆனால் 44ஆம் திருத்தத்தில் ஒரு பகுதி இன்றும் உயிர்பெறவில்லை. அதன் 3ஆவது பிரிவு தடுப்புக்காவலைப் பற்றியது: ஆலோசனைக் குழுவின் ஒப்புதலின்றி ஒருவரைச் சிறையில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது, குழுவை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி, பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் அமைக்கச் சொல்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, 1979இல் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்கு வர மத்திய அரசின் ஓர் அறிவிக்கை போதும். ஜனதா, காங்கிரஸ், தேசிய முன்னணி, ஐக்கிய முன்னணி, பா.ஜ.க. என எல்லாரும் ஆண்டார்கள். நெருக்கடிநிலையில் மிசா தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் சிறையில் கிடந்த வாஜ்பாய் பிரதமரானார், அத்வானி உள்துறை அமைச்சரானார், முரசொலி மாறன் பலமுறை மத்திய அமைச்சராக இருந்தார். அந்த அறிவிக்கை வரவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த குண்டர் சட்டம் ஒருவரை ஓராண்டு வரை விசாரணையின்றி உள்ளே வைக்க அனுமதிக்கிறது. அதற்குப் பிறகு ஆட்சிக்கு வந்த இரு கழகங்களும் அதை விலக்கிக்கொள்ளவில்லை. மேலும் சில குற்றங்களை அதில் சேர்த்தன.